தானாய்க் குறையும் தொட்டி

"தொட்டி இன்னும் ரொம்பல பாய். நேத்து ஊத்துனதே காணோம். பார்க்கவே பயமா இருக்குது," என்றாள் பட்டறையில் வேலை செய்யும் கல்பனா.

நூருல் அமீன் சிரித்தார். ஒதியம்பட்டில் வீட்டுக் கொல்லையிலேயே சர்க்யூட் போர்டு செய்யும் பட்டறை அவருடையது. செம்பு கலந்த கழிவுநீர் தரையடித் தொட்டியில் சேரும். நிறைந்தால் லாரி வந்து எடுத்துப் போகும்.

"இன்னாம்மா பயம்? போர்டு கழுவற தண்ணிய பாதியா கொறைச்சிட்டோம். இரும்புத் துண்டப் போட்டா செம்பு அதுமேல வந்து ஒட்டிக்குது. கழிவு கொறையாம இன்னா பண்ணும்?"

லாரிக்கு வேலையில்லை என்று போனில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு லேசாகத் துவர்த்தது. பசியில் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டார்.

"இங்க பாருங்களேன்." மனைவி ரூபினா ஈரம் சொட்டும் இரும்பு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். "கயிறு அறுந்து கெணத்துல வுழுந்த வாளி. துரு ஏறியிருக்கும்னு பார்த்தா புதுசாட்டம் மின்னுது."

வாளி முழுக்கச் செம்பு நிறம்.

நூருல் அமீன் தட்டைத் தள்ளி வைத்தார். "சோறு எந்தத் தண்ணில ஆக்குன?"

"பைப்புலதான் தண்ணி வரலியே. நம்ம கெணத்துலதான். காலையிலேர்ந்து தெருவே வந்து மொண்டுனு போவுது."