தண்ணீருக்குள் நறுக்கும் கத்தரி

பூக்கடையின் பின்னறையில் அக்காவும் தங்கையும் வாளிகளுக்கு நடுவே குந்தியிருக்கிறார்கள். ரோஜாக்கள் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடக்கின்றன. மாலைக்குள் நிமிராவிட்டால், பூவுக்குச் சொல்லிவைத்திருக்கும் கல்யாண மண்டபத்துக்காரர் வேறு கடையைப் பார்த்துக்கொள்வார். தங்கை அவசரத்தில் தண்டுகளை வெளியே வைத்து வெட்டிவிட்டாள். வெட்டுவாயில் காற்று புகுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே ஏறாது. அக்கா ஒவ்வொரு தண்டாகத் தண்ணீருக்குள் அமுக்கி மறுபடி நறுக்குகிறாள். விரல்நுனிகள் ஊறி வெளுத்திருக்கின்றன. மின்விசிறி முனகுகிறது. "ஏறுமாக்கா?" "என்னைக் கேட்டா? பூவைக் கேளு." "நாலு வார்த்தை திட்டவாவது செய்யேன்." "அதுக்கும் தெம்பு வேணுமேடி." கடைசித் தண்டும் முடிகிறது. அக்கா சுவரில் சாய்கிறாள். சன்னல் வெயில் வாளியை விட்டு நகர்ந்த பிறகு, ஓரத்து ரோஜா ஒன்று மெல்ல நிமிர்கிறது. "அக்கா, ஏறிடுச்சு!" உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டவளின் விரல்களை மெதுவாகப் பிரித்து, தங்கை கத்தரியை வாங்கிக்கொள்கிறாள்.