முந்நூற்றுப் பன்னிரண்டு கரண்டிகள்

பியானோவின் மேல் தாளை விரித்தேன். வழக்கமான சுரங்களைக் காணோம். எல்லாம் கரண்டி.

ஐந்து கோடுகளின் மேலும் கீழும், ஏணியில் ஏறி இறங்குவதுபோல, இரண்டு பக்கம் நிறையக் கரண்டிகள். பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.

எதிரே பள்ளிக்கூடமே உட்கார்ந்திருந்தது. புதிய உணவுக்கூடத்தின் திறப்பு விழா. முதல் வரிசையில் தலைமையாசிரியை, பக்கத்தில் என் மனைவி.

எனக்கு வலப்பக்கம் சமையலறைப் பெண்கள் நான்கு பேர். பெரியக்கா முன்னால் அண்டா, கையில் கரண்டி. மற்றவர்களிடம் மூடி, வாளி, சல்லடை.

நான் அங்கே இசை ஆசிரியர். பியானோவும் பாத்திரங்களும் சேர்ந்து வாசிக்க, விழாவுக்காக நான்கு நிமிட இசை ஒன்றை எழுதியிருந்தேன். எழுதுவதோடு என் வேலை முடிந்தது. அதை அச்சுக்குக் கொண்டுவருபவள் மனைவி. அவளுடைய மென்பொருளில் எதையும் இழுத்துப் போட முடியாது. வரிவரியாகக் கட்டளை எழுத வேண்டும். எழுதியது இசைத்தாளாக வந்து நிற்கும்.

சமையலறைப் பெண்களுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. குச்சியில் ஒட்டிய கறுப்பு முட்டைகளைப் பார்த்து முழித்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து, சுரங்களின் தலையை, அந்த முட்டையையே மாற்றும் கட்டளைகளை மனைவி எழுதினாள். மூடிக்காரிக்கு மூடி, வாளிக்காரிக்கு வாளி. கரண்டியில்தான் அவளுக்குத் தனிப் பெருமை. முட்டையைக் கொஞ்சம் குழித்துவிட்டாள், அவ்வளவுதான்; சுரத்தின் குச்சியே கைப்பிடியாகிவிட்டது.

ஒத்திகையெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. விழாவன்று மதியம், மேடைக்கு வரவில்லை என்று பெரியக்கா சொல்லியனுப்பினார்.

சமாதானம் பேசப் போன மனைவிதான் காரணத்தைக் கேட்டு வந்தாள். சார் தாளில் இருப்பது இசை, எங்கள் தாளில் இருப்பது பொம்மை, பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா என்று கேட்டாராம். போதாக்குறைக்கு, சார் முகத்தைப் பார்த்தாலே கை உதறுகிறதாம்.

மறுக்க முடியவில்லை. மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் உம்மணாமூஞ்சி.

எப்படியோ பேசி நால்வரையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். அன்று காலைதான் என் தாளில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தேன். அதையும் அவசர அவசரமாகத் திருத்தி, புதிதாக அச்சடித்து, மேடைப் படியில் வைத்து என் கையில் திணித்தாள்.

அதைத்தான் இப்போது விரித்திருந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. எதை நீட்டி வாசிப்பது, எதைச் சட்டென்று விடுவது என்பதெல்லாம் சுரத்தின் தலை வெற்று முட்டையா, கறுப்பு முட்டையா என்று பார்த்தால்தான் தெரியும். கரண்டிக்கு ஏது அந்த வித்தியாசம்? நல்லவேளை, நானே எழுதியது, மனப்பாடம்.

முதல் வரிசையைப் பார்த்து முறைத்தேன். மனைவி மேற்கூரையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கண் கடைசி வரிக்குப் போனது. மூன்று சுரங்களைச் சேர்த்து ஓங்கி அடிக்க வேண்டிய இடம். அங்கே ஒரே கைப்பிடியில் மூன்று கரண்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்த முழுக்கூட்டத்தின் முன்னால், எனக்கே தெரியாமல் களுக்கென்று சிரித்துவிட்டேன்.

பெரியக்கா திரும்பினார். அவர் கையிலிருந்த கரண்டி நடுங்கியதில் அண்டா தானாகவே கிணுகிணுவென்றது. தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"என்ன சார், உங்களுக்கும் கரண்டிதானா?"

"எனக்கும் கரண்டிதான்க்கா."

அதை அவர் மூடிக்காரியின் காதில் சொன்னார். அங்கிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து சல்லடைக்கும் போனது. நால்வரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்டாவின் கிணுகிணுப்பு நின்றிருந்தது.

தொடங்கினோம்.

சல்லடை ஓரிடத்தில் முந்திக்கொண்டது. வாளி அதை எட்டிப் பிடித்தது. பெரியக்கா அண்டாவில் போட்ட போட்டில் பியானோ பதுங்கியது. கடைசி மூன்று கரண்டிகளையும் நான் சேர்த்து அடித்தபோது, எழுதிவைக்காத ஒரு அடியை அவரும் சேர்த்து அடித்தார். பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். இன்னொரு தடவை வாசிக்க வேண்டியதாயிற்று.

மேடைக்குப் பின்னால் மனைவி வந்தபோது, இது என்ன கூத்து என்று கேட்டேன்.

எல்லோரும் சேர்ந்து தொடங்குவதற்கு அடையாளமாக, என் தாளில் முதல் சுரத்தை மட்டும் கரண்டியாக்கியிருந்தாளாம். அந்தக் கட்டளைக்கு முன்னால் 'ஒருமுறை மட்டும்' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட வேண்டும். போடாவிட்டால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை தலைகளும் கரண்டியாகிவிடும்.

"அவசரத்துல அந்த வார்த்தை விட்டுப்போச்சுங்க."

பெரிய மனது பண்ணிப் பரவாயில்லை என்றேன். இனிமேல் கவனமாக இரு என்றும் சொன்னேன். தலையாட்டினாள்.

அதற்குள் பெரியக்கா அவளைப் படம் எடுக்க இழுத்துக்கொண்டு போனார். பாதி தூரம் போனவள் திரும்பி, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். விழா முழுக்க அவள் மடியில் இருந்த பை.

கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் இரண்டு தாள்கள் மடங்காமல் இருந்தன. என் தாள்தான், இன்னொரு பிரதி. நான் சொன்ன திருத்தமும் செய்திருந்தது. முதல் சுரம் மட்டும் கரண்டி. மற்றதெல்லாம் வழக்கமான முட்டை.

கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு பையை மூடினேன்.