ஞாயிற்றுக்கிழமை பர்கர்

"அந்தப் பன்னுல அப்படி என்னதான் இருக்கு?"

டீக்கடை ராசாங்கத்துக்கு ரெண்டு மாசமாக இதே ஆத்திரம்.

ஊர் ஊராகக் கிளை திறக்கிற சென்னைக் கம்பெனி ஒன்று பெரம்பலூர் பைபாஸில் கண்ணாடிக் கதவு போட்டு பர்கர் கடை ஆரம்பித்தாலும் ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமையானால் இவர் கடையில் ஈ ஓட்ட வேண்டியிருக்கிறது.

டவுன்காரர்கள் போனால் போகட்டும். மக்காச்சோளக் காட்டில் களையெடுக்கிற இளையபெருமாளும் அவன் பெண்டாட்டி கலியம்மாளும் சலவைத் துணி உடுத்தி பஸ் ஏறிப் போவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர்களைப் பார்த்து, அவர்கள் குடியிருக்கும் தெற்குத் தெருவில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள்.

"கூலி வாங்குற கைக்கு பர்கர் கேக்குதாக்கும்!" என்று மனைவி அமிர்தவல்லியிடம் பொருமினார். "அத்தனை பேரையும் நம்ம கடைக்கே இழுத்துட்டு வரல, எம்பேரு ராசாங்கம் இல்ல."

"பேர மாத்துற செலவும் சேர்ந்துக்கப் போவுது" என்றாள் அவள்.

ராசாங்கம் சொன்னதோடு நிற்கவில்லை. தக்காளி சாஸ் பாட்டில் வாங்கி வைத்தார். பன்னை நறுக்கி நடுவில் வெங்காய பஜ்ஜியைச் செருகி, 'ராசா பர்கர்' என்று போர்டு மாட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கித் தின்றுவிட்டுச் சிரித்தன.

இளையபெருமாளைக் கூப்பிட்டு ஓசியிலேயே ஒன்று கொடுத்தார். அவன் வாசலில் நின்றபடியே தின்றான்.

"நல்லா இருக்குங்கய்யா."

அடுத்த ஞாயிறும் பஸ் ஏறிவிட்டான்.

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ராசாங்கம் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

கடைக்குள் ஒரே கூட்டம். அவர் வரிசையைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கவுண்டருக்குப் போனார். முதல் ஆளாக நின்ற இளையபெருமாள் பதறி விலகினான்.

"நீங்க வாங்கிக்குங்கய்யா."

தொப்பி போட்ட பெண் விடவில்லை. "அந்த சார்தான் முன்னாடி வந்தாங்க. நீங்க வரிசையில வாங்க சார்."

எந்த சார் என்று ராசாங்கம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

பர்கரையும் காபியையும் வாங்கிக்கொண்டு திரும்பினால், அவர்கள் மேஜையில் மட்டும்தான் ஒரு நாற்காலி காலி. அவர் உட்கார்ந்ததும் இளையபெருமாள் தட்டோடு எழுந்தான். கலியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பேசாம உக்காருய்யா."

ராசாங்கம் ஒரு கடி கடித்தார். வறட்டு பன், உள்ளே பச்சை இலை. காபியை ஒரு வாய் குடித்து மேஜையில் வைத்தார். வெறும் வெந்நீர். அவருக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

"இதுக்காடா பஸ் ஏறி வர்றீங்க? வாயில வெக்க வெளங்கல! எம் பஜ்ஜி கால்தூசுக்குப் பெறுமா இது?"

இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டான். கலியம்மாள்தான் பேசினாள்.

"எங்களுக்கும் புடிக்கலீங்க. உங்க பஜ்ஜிதான் ருசி."

"பொறவு என்னத்துக்கு வர்றீங்க?"

"வருவோங்க. வாராவாரம் வருவோம். யாரு என்ன சொன்னாலும் வருவோம்."

"அதான் ஏன்னு கேக்குறேன்!"

அவள் மேஜையைக் காட்டினாள். பேச்சு மும்முரத்தில் மூன்று பேருடைய காபியும் ஒன்றாகக் கிடந்தது. மூன்றும் ஒரே மாதிரி காகிதக் கப்.

"இதுல உங்க கப்பு எதுன்னு சொல்லுங்க பாப்பம்."

ராசாங்கம் கையை நீட்டினார். எதை எடுப்பதென்று தெரியாமல் கை பாதியிலேயே நின்றது.

அவர் கடை வாசல் வேப்பமரத்து ஆணியில் ஒரு தகர டம்ளர் தொங்கும். தெற்குத் தெருக்காரர்கள் அதை எடுத்து, வெளியிலேயே நின்று டீ குடித்துவிட்டு, அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

அந்த ஆணியை அடித்தவர் அவர்தான்.