இதோ கிளம்பிட்டார்!

“கையெழுத்துப் போட முடியாதுன்னா என்னம்மா அர்த்தம்?”

முதலாளி போட்ட சத்தத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். எதிரே நின்ற அந்தம்மா மட்டும் அசையவில்லை. லிப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவசர அழைப்புப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருக்கும் பெயர், ஹெட்மாஸ்டர்.

விஷயம் இதுதான். லிப்டில் மாட்டிக்கொண்டு யாராவது சிவப்புப் பொத்தானை அழுத்தினால், இனிமேல் ஹெட்மாஸ்டரின் ஆட்கள் பேசப்போவதில்லை. ஏஐ பேசும். தேனொழுகப் பேசும். அதை நம்பிப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் லிப்டுகளை எல்லாம் இவர்களிடம் ஒப்படைக்கத் தயார். நிர்வாகி மூன்று மணிக்கு வருகிறார்.

ஆனால் ஹெட்மாஸ்டர் கையெழுத்து இல்லாமல் லிப்டுக்குள் புதிதாக எதையும் வைக்கக் கூடாது என்று விதி. அந்த விதியைப் போட்டவரே முதலாளிதான். இப்போது தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“நீங்க சரின்னு சொல்லித்தான் சில லிப்டுல மட்டும் வச்சு ஒரு மாசம் சோதனை பண்ணியாச்சு. ஒரு புகார் உண்டா? உங்க ஆளுங்க வேலை போயிடும்னு பயமா?”

“அவங்களுக்குத்தான் வேற வேலை கொடுத்துட்டீங்களே சார். ஏஐ வரட்டும், நல்லாத்தான் பேசுது. ஒரே ஒரு வரியை எடுத்துடுங்க, இப்பவே போடறேன்.”

“எந்த வரி?”

“‘பயப்படாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார், இதோ வந்துடுவார்.’ பொத்தானை அழுத்தினதுமே அதைச் சொல்லுது. யார் கிளம்பினா? எங்கேயிருந்து கிளம்பினா?”

“அட, ஒரு ஆறுதலுக்கும்மா!”

“யாரும் கிளம்பலைன்னா கிளம்பலைன்னு சொல்லட்டும் சார்.”

“நல்லா இருக்கே! உள்ளே மாட்டினவன் பயந்து அலற மாட்டானா?”

“அலறட்டும். அலறினாத்தான் நாம ஓடுவோம்.”

பேச்சைப் பார்! முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் வெறுங்கையோடு கூப்பிடவில்லை. காலையிலிருந்து ஒன்றைத் தேடிப்பிடித்து வைத்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தான். மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் அவன்தான் மேலாள். அண்ணனும் ஹெட்மாஸ்டரும் முட்டிக்கொண்டால் இவன் வாயே திறக்க மாட்டான்.

“டேய், நீயும் கேளு” என்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினார் முதலாளி.

பழைய அழைப்பு ஒன்றின் பதிவு ஓடியது. ஹெட்மாஸ்டரின் குரலேதான். “பயப்படாதீங்கம்மா. மெக்கானிக் கிளம்பிட்டார். இதோ வந்துடுவார்.”

அடுத்த பதிவு. அதே குரல், அதே பேச்சு. அதற்கடுத்ததும் அப்படியே.

“பொத்தானை அழுத்தி அரை நிமிஷம் ஆகலை. அதுக்குள்ள மெக்கானிக் எப்படிம்மா கிளம்புவான்? வருஷக்கணக்கா நீங்க சொன்ன பொய்யைத்தான் அது கத்துக்கிட்டுச் சொல்லுது. நீங்க சொன்னா ஆறுதல், அது சொன்னா அக்கிரமமா?”

ஹெட்மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது.

“சொல்லியிருக்கேன் சார்.” குரல் இறங்கியிருந்தது.

அப்பாடா! வசமாக மாட்டியாயிற்று. முதலாளிக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. காகிதத்தையும் பேனாவையும் ஹெட்மாஸ்டர் பக்கம் தள்ளினார்.

“போடுங்க.”

தம்பி குபீரென்று சிரித்துவிட்டான்.

“என்னடா இளிப்பு?”

“அண்ணே, நீ பாதியைத்தான் கேட்டிருக்கே. அவங்க அதைச் சொல்லி முடிச்ச கையோட எனக்குப் போன் வரும். ‘நீங்க கிளம்பிட்டதா சொல்லிட்டேன். கிளம்புங்க.’ சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னா, ‘கையைக் கழுவுங்க’ம்பாங்க. வண்டி பஞ்சர்னா, ‘டாக்சி பிடிங்க’. நம்ம பசங்க அவங்க நம்பரைப் பார்த்தா, போனை எடுக்கறதுக்கு முன்னாடி ஷூவை மாட்டிடுவானுங்க. உள்ளே இருக்கிற ஆள் வெளியே வர்ற வரைக்கும் எங்களுக்கு நிம்மதி கிடையாது.”

“ஏன், ஏஐ உனக்குத் தகவல் அனுப்பலையா?”

“அனுப்புதே! போன வாரம் அனுப்பிச்சு. நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். லிப்டுல ஒரு அம்மாவும் குழந்தையும். நான் தலை துவட்டி, டீ குடிச்சு, ஆற அமர போனைப் பார்க்கிற வரைக்கும் அது சலிக்காம ‘இதோ வந்துடுவார்’னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அவங்களும் நம்பி உள்ளேயே உட்கார்ந்திருந்தாங்க. வெளியே வந்து எனக்கு நன்றி வேற சொன்னாங்கண்ணே. எனக்கு உடம்பே கூசிப்போச்சு.”

முதலாளியின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“அதனாலதான் புகார் வரலையா?” என்றார்.

ஏஐ கம்பெனிக்கு அவரே போன் போட்டார்.

“அந்த வரியை எடுத்துடுங்க. ஆமா, மூணு மணிக்குள்ள. கேட்க நல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். யாரும் கிளம்பலைன்னா கிளம்பலைன்னு சொல்லணும். ஆஸ்பத்திரிக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். வேண்டாம்னா போகட்டும்.”

ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தார்.

முதலாளிக்கு மனசு மட்டும் ஆறவில்லை. தோற்றுப்போய் எழுந்து பழக்கமில்லாதவர்.

“அது கிடக்கட்டும். ஆனா நீங்க சொன்னதும் பொய்தானேம்மா?”

அந்தம்மா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“அதை ஒரு நாளாவது பொய்யாப் போக விட்டாங்களாண்ணே?”