ஏழு பள்ளம்

மண்டி போட்டான். முழங்கால் தரையில் பட்டதும் எலும்பு நெறுநெறுத்தது.

தலை குனிந்து கழுத்தைக் காட்டினான்.

மூன்று வருஷப் பழக்கம். விருந்தாளி வந்தால் வக்கீல் கிருபாகரன் சுவரில் மாட்டியிருக்கும் வாள்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். கடைசியில் அந்த வளைந்த வாள். வெள்ளைக்காரக் குதிரைப்படைக்காரனுடையது. அதற்கு மட்டும் ஒரு கழுத்து வேண்டும். தரை துடைத்து வாளுக்கு எண்ணெய் போடுகிறவன் கழுத்துதான் கைக்கு எட்டியது.

கழுத்தில் வைத்து மெல்ல இழுப்பார். ஸ்கேலை வைத்து இழுப்பது போலிருக்கும். ஒரு கோடு எண்ணெய் ஒட்டும். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் எழுந்து போய்க் காபி போடுவான்.

இன்று இழுத்தால் எண்ணெயோடு நிற்காது.

உருவும்போதே பார்த்துவிடுவார் என்றுதான் மண்டி போட்டான். அவர் விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டே உருவினார்.

இரும்பு உறையிலிருந்து வாள் வரும் சத்தமே மாறியிருந்தது.

அவன் காதுக்கு மட்டும் தெரிந்தது.

இந்த வீட்டுக்கு வருமுன் முப்பது வருஷம் தோளில் சாணைச் சக்கரம் சுமந்தவன். கறிக்கடையிலிருந்தும் பிரியாணிக் கடையிலிருந்தும் கத்திப் பிடியில் சீட்டு கட்டி அனுப்புவார்கள். நுனி மழுங்கல். நடுவில் பல் விழுந்தது. டீக்கடையில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வான். சீட்டில் இருக்கும் குறையைத் தீர்க்காமல் கத்தியைத் திருப்பிக் கொடுத்தவன் அந்தத் தெருவில் மறுபடி கால் வைக்க முடியாது.

எழுத்து இந்த வருஷம்தான் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், முதியோர் வகுப்பில்.

ஒவ்வொரு வாளுக்கும் கீழே ஒரு அட்டை. மூன்று வருஷமாகத் தூசி மட்டும் தட்டியவை. போன வாரம் வக்கீல் சென்னை போயிருந்தபோது, துணியைக் கீழே வைத்துவிட்டு, வளைந்த வாளின் அட்டையில் விரலை ஊன்றினான். ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தான்.

வெட்டும் விளிம்பில் ஏழு பள்ளங்கள். கூர் முற்றிலும் மழுங்கியுள்ளது.

முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை நாளும் குறையை எழுதி மாட்டிவிட்டு, மனுஷர் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாரே.

வீட்டிலிருந்து கல்லை எடுத்து வந்தான். இரண்டு நாள் முழுசாகப் பிடித்தது. ஏழும் போனது. முன்கையில் வைத்துப் பார்த்தான். சத்தமில்லாமல் மயிரை எடுத்தது. கல்லில் வழிந்த கறுப்புத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினான்.

துடைத்து, உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே மாட்டினான். வந்ததும் தானாகப் பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

இன்றுதான் வந்தார். வந்த காரிலேயே மூன்று பேர்.

வழக்கமாக எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்வார். இவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள். அதனால் தமிழ்.

"எரநூறு வருஷம் ஆச்சு சார். கோட்டைக்குள்ள நம்ம சிப்பாய்ங்க எதிர்த்து நின்னாங்க. வெள்ளைக்காரன் ஆற்காட்லேர்ந்து குதிரையில வந்து வெட்டுனான். சதையில பட்டா பள்ளம் விழாது. எலும்புல பட்டாத்தான் விழும். ஏழு பள்ளம், ஏழு பேரு. அவங்க பேரைக்கூட எவனும் எழுதி வைக்கல. இந்தப் பள்ளம்தான் அவங்க பேரு."



கீழே அவனுக்கு முருங்கை மரம் ஞாபகம் வந்தது.

"ஐயா," என்றான் குனிந்தபடியே. "அதுக்கு நான் சாண..."

"செத்தவன் பேசப்படாது பச்சையப்பா."

சிரித்தார்கள். ஒரு வாத்தியார் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "பெரியவரே, இன்னும் கொஞ்சம் குனிங்க. மூஞ்சி தெரிஞ்சா சிப்பாய் மாதிரியே இல்ல."

குனிந்தான்.

எழுந்துவிடலாம். எழுந்து சொல்லிவிடலாம். சொன்னால் இந்த வீடு இல்லை. இந்த முட்டியை வைத்துக்கொண்டு இனி எந்தத் தெருவில் சக்கரம் தூக்குவது?

"கண்ண மூடிக்கிட்டுத்தான் எண்ணுவேன் சார். விரலுக்கே தெரியும். ஏழும் முடிஞ்சா, எட்டாவது இவன்."

தரையில் அவர் நிழல் விழுந்திருந்தது. வலது கையில் வாள். இடது கட்டைவிரல் பிடியருகே போய் உட்கார்ந்தது. நுனிவரை அழுத்தித் தடவிக்கொண்டே போவார். மூன்று வருஷமாக அப்படித்தான்.

 

நிழலில் விரல் நகர்ந்தது.

"ஒன்று" என்ற குரல் வரவில்லை.

நின்றது. இன்னும் அழுத்தி நகர்ந்தது.

அவன் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

எண்ணெய் என்றால் குளிரும். இது சுட்டது.

இன்னொன்று.

யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. தலைக்கு மேல் மூச்சு மட்டும். வாளின் நிழல் கீழே இறங்கவில்லை. விலகவும் இல்லை.

"எங்கடா," என்றார் வக்கீல், மெல்ல. "எங்கடா அந்த ஏழு பேரும்?"

சொட்டு காதோரம் வழிந்து, தாடையில் தொங்கி, அன்று காலையில் அவன் துடைத்த தரையில் விழுந்தது.

செத்தவன் பேசப்படாது.

கழுத்தை அப்படியே வைத்திருந்தான்.