சோப்பு டப்பா

“என் கையெழுத்த யாரோ திருடிட்டாங்க சார்” என்றார் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆர்க்கிடெக்ட் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். அதில் கையெழுத்து எதுவும் இல்லை. அரை நிமிடத்துக்கு முன் கணினி தானாகவே வரைந்து முடித்த ஒரு வீட்டின் பிளான்தான் இருந்தது.

வரைபட மென்பொருளின் புதிய பதிப்பு அடுத்த மாதம் வருகிறது. அதைக் காட்டத்தான் கம்பெனிப் பிரதிநிதி வந்திருந்தார். மனையின் அளவையும் எத்தனை அறை என்பதையும் சொன்னால் போதும். சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும்.

“உங்க வேலை சுலபமாயிடும் சார்” என்று அவர் சொன்னபோதே, “சுலபமாகுதா, இல்லாமலே போகுதா?” என்று கேட்டிருந்தார் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். கேட்டதில் தப்பில்லை. இனி இந்த அலுவலகத்துக்கு இரண்டு டிராஃப்ட்ஸ்மேன் வேண்டாம், ஒருவர் போதும் என்று ஆர்க்கிடெக்ட் காலையிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒருவர் யார் என்பது இந்தக் கூட்டம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

தலைமை டிராஃப்ட்ஸ்மேனுக்கும் அந்த மென்பொருளுக்கும் பதினாறு வருடப் பழக்கம். வேறு ஏதாவது புதிதாக வாங்கலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் இதற்காக மல்லுக்கு நின்றவர். மெனு பக்கமே போகாமல் இடது கையாலேயே கட்டளைகளை அடிப்பார்; சாப்பாட்டு மேசையிலும் அந்த விரல்கள் சும்மா இருப்பதில்லை என்று மனைவி குறைப்பட்டுக்கொள்வாள். புதிய பதிப்பில் அந்தக் கட்டளைகளில் பாதியைத் தூக்கிவிட்டார்கள். கம்பெனிக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டதற்கு, ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது இந்த பிளானின் குளியலறையில் இருந்தது.

வாஷ்பேசினைப் பெரிதாக்கச் சொன்னார். குழாய்க்குப் பக்கத்தில் பொடியாக மூன்று கோடுகள் தெரிந்தன. மேலே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பிரிண்டில் பார்த்தால் தூசு என்றுதான் நினைக்கத் தோன்றும்.

“இது சோப்பு டப்பா. பிளான்ல எவனும் சோப்பு டப்பா போடமாட்டான். என் வாஷ்பேசின்ல மட்டும்தான் இருக்கும். இதத்தான் கையெழுத்துன்னு சொன்னேன்.”

கீழ்ப்பக்கம் திறந்து கிடக்கிறதே, சோப்பு வழுக்கி விழுந்துவிடாதா என்று கேட்டார் ஆர்க்கிடெக்ட். அதுதான் தன் ஸ்டைல் என்றார் அவர்.

கதவு, ஜன்னல், வாஷ்பேசின், படிக்கட்டு என்று முந்நூறு சின்னப் படங்கள் அடங்கிய கோப்பு ஒன்று அவரிடம் இருந்தது. வேண்டியதை எடுத்து வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அலுவலகத்தில் அதற்குப் பொக்கிஷம் என்றே பெயர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதைக் காட்டித்தான் தலைமைப் பதவியையும் வாங்கினார். அப்போது பிரசவ விடுப்பில் இருந்த இன்னொரு டிராஃப்ட்ஸ்மேன், திரும்பி வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு அவள் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை.

பிரதிநிதி தன் மடிக்கணினியில் தேடினார். போன வருடம் பயனாளர்களிடம் இந்த மாதிரிப் படங்களைக் கேட்டு வாங்கினார்களாம். இந்த வாஷ்பேசின் சம்மதக் கடிதத்தோடு வந்திருக்கிறது. அதுவும் இதே அலுவலகத்திலிருந்து.

ஆர்க்கிடெக்ட், சத்தியமாகத் தான் இல்லை என்றார்.

“நான்தான் அனுப்பினேன்” என்றாள் ஜன்னலோரத்துக்காரி.

தலைமை டிராஃப்ட்ஸ்மேன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவள் வேலையையும் சேர்த்து முடித்துக் கொடுத்தவர் அவர். மதியச் சாப்பாட்டை எத்தனையோ நாள் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

“கூடப் பொறந்தவளா நெனச்சேனே. ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்துக்கிட்டு இந்த வேலையா பாத்திருக்க? அந்த மெஷின் என் சோத்துல மண்ணப் போட்டாக்கூடப் பரவாயில்ல. மண்ண அள்ளிக் கொடுத்தது நீயாம்மா?”

அவர் ஆர்க்கிடெக்ட் பக்கம் திரும்பினார். ஒருவர்தான் என்றால், உழைத்து உருவாக்கியவர் இருப்பதா, எடுத்துக் கொடுத்தவள் இருப்பதா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

ஆர்க்கிடெக்ட் மெல்லத் தலையாட்டினார். முடிவு செய்துவிட்ட தலையாட்டல் அது. ஆனாலும் முறைக்காக, அவளுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் எழுந்து வந்து பிரதிநிதியிடமிருந்து மவுஸை வாங்கினாள். வாஷ்பேசினைத் தேர்ந்தெடுத்து, அப்படியே தலைகீழாகத் திருப்பினாள். மேலே இருந்த கோடு கீழே வந்தது. திறந்த பக்கம் மேலே போனது. திரையில், பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதியதைப் போல, ஒரு ‘ப’ நின்றது.

தலைமை டிராஃப்ட்ஸ்மேனின் இடது கை விரல்கள் மேசைமேல் அசையாமல் கிடந்தன.

“சோப்பு டப்பா இல்லண்ணே, என் பேரோட மொத எழுத்து.”