கூடாரத்தில் ஒரு கையெழுத்து

கூடாரத்தைக் கண்டதும் விக்னராஜாவின் கண்கள் பொலபொலவென்று ஊற்றின. கைலேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு செம்மண்ணிலேயே நின்றுவிட்டார்.

சந்திரகலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பாலைவனத் தேசியப் பூங்காவின் வாசலில், குளிக்கத் தொட்டியும் மேலே சரவிளக்கும் வைத்த கூடாரம்! அவர்கள் குடியிருக்கும் மல்கிரேவில் எந்தச் சனம் இதைக் கண்டது? மனுஷர் ஆடிப்போய்விட்டார், இனிக் கையெழுத்து விழுந்த மாதிரித்தான்.

விக்னராஜா அவள் கணவன் வரதராஜாவின் பெரியப்பா மகன். ஊரில் கொக்குவில் பூர்வீக வீட்டுச் சண்டையில் இரண்டு குடும்பத்துக்கும் இருபது வருடமாகப் பேச்சில்லை. சிட்னியில் மகளிடம் வந்து நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும், வலிய அழைத்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் ஒப்பமிட வேண்டிய தாள் அவள் கைப்பையில் தயாராக இருந்தது.

“உள்ளுக்கு வாங்கோ, அத்தான்!”

“வேண்டாம் பிள்ளை. இது எனக்குச் சரிவராது. நான் கடல்காத்துக்குப் பழகினவன்.”

வரதராஜா மனைவியை ஓரமாக இழுத்தார். “கடலெண்டால் முல்லைத்தீவு. யுத்தம் முடிஞ்சு ரெண்டு வரியம்தானே? மனுசன் அகதி முகாமிலை கிடந்திருக்கு. அந்த ஆளைக் கொண்டந்து திரும்பவும் கூடாரத்துக்குள்ளை அடைக்கிறியே!”

அவள் கூடாரத்துக்குள் பாய்ந்தாள். ஐயோ, என்ன பாவம் செய்துவிட்டாள்! தலையணைமேல் வைத்திருந்த அட்டையில் ‘அசல் முகாம் வாழ்க்கையை அனுபவியுங்கள்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அவர் கண்ணில் படுமுன் அதைக் கட்டிலுக்கடியில் வீசினாள்.

அவரிடமே கேட்டிருக்கலாம்தான். கேட்டால் புண்ணைக் கிளறின மாதிரி ஆகிவிடாதா?

வெளியே கதிரையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவரிடம் ஓடினாள். “அத்தான், அந்த வீடு எங்களுக்கு வேண்டாம். முழுக்க நீங்களே வைச்சிருங்கோ.” சொன்ன கையோடு, வரதராஜாவைக் கொண்டு அவருடைய பங்கும் அண்ணாவுக்கே என்று தாளின் பின்பக்கத்தில் எழுதுவித்து ஒப்பமும் வைப்பித்தாள்.

“சாட்சிக்கும் ஆராவது போட்டால் நல்லது, பிள்ளை,” என்றார் விக்னராஜா, கண்ணைத் துடைத்தபடி.

பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர் என்ன ஏதென்று கேட்காமலே ஒப்பமிட்டுக் கொடுத்தார். விக்னராஜா தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“முகாமிலை பட்டது காணும், அத்தான். வாங்கோ, இப்பவே ஒரு நல்ல ஹொட்டேலுக்குப் போவம்,” என்று விம்மினாள் சந்திரகலா.

“சனியன் பிடிச்ச புழுதி, எனக்கு ஒத்துவராது,” என்று நாலு முறை தும்மிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

“எந்த முகாம், பிள்ளை? மகளிட்டை வரும்வரைக்கும் இருபது வரியமா நான் கொழும்பை விட்டு அசையேல்லையே!”